ஒரே வகைக் கிளைடர், 100 கிலோமீட்டர், 20 நிமிடம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: ஆஸ்திரேலியாவில் வேலையில் இருந்தபோது எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரைக் கற்றுக்கொண்டு, சில்வர் பேட்ஜ் என்ற தகுதிநிலை வரை முடித்திருக்கிறீர்கள், இப்போது சென்னைக்குத் திரும்பிவிட்டீர்கள், வரும் டிசம்பரில் விடுப்பு எடுத்து அங்கே ஒரு மாநில அளவிலான போட்டியில், கிளப் வகுப்பில் பறக்கப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். உங்களோடு ஒரே நாளில், ஒரே வகைக் கிளைடரில், ஒரே பாதையில் பறப்பவர்கள் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 20 நிமிடம் முன்னதாகவே வந்துவிடுகிறார்கள். அவர்கள் தெர்மல்களுக்கு (கிளைடர் வட்டமிட்டு உயரம் பெறும், சூடேறி எழும் காற்று) இடையே உங்களைவிட வேகமாக ஓட்டுகிறார்களா, இன்னும் நல்ல கிளைடரை வாடகைக்கு எடுக்க வேண்டுமா, பறக்க வழியில்லாத சென்னையில் இருந்தபடி அதுவரை எதைப் பயிலலாம் என்று மூன்று கேள்விகளாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: அந்த 20 நிமிடம் எங்கே போகிறது? அதற்குக் கணக்குச் சொல்லிவிட்டால் மற்றவற்றுக்கு விடை தானாக வரும்.

என் எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். புனேவில் ஹடாப்சரில், தரையிலிருந்து கம்பியால் இழுத்து ஏற்றும் வின்ச் இழுக்க மேலே போய்க் கிளைடர் கற்றவன் நான். பிறகு பல கோடைகள் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் சமவெளிகளில் போட்டிகளில் பறந்திருக்கிறேன். மலைச்சரிவை ஒட்டியும், மலைக்குப் பின்னே எழும் அலைக்காற்றிலும் நடக்கும் போட்டிகளில் எனக்குப் பழக்கமில்லை. ஆகவே இங்கே எழுதுவது அனைத்தும் வெயிலில் சூடேறி எழும் காற்றை மட்டும் நம்பிச் சமவெளியில் பறப்பதற்கே பொருந்தும். கணக்கால் காட்டக்கூடியது எது, என் அனுபவத்தில் தோன்றியது எது என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

இத்துறை தெரியாமல் படிப்பவர்களுக்காக ஓரிரு வரிகள். இழுவை விமானம் ஒவ்வொரு கிளைடரையும் சுமார் 600 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். கடைசிக் கிளைடரும் மேலே போய்க் குறிப்பிட்ட நேரம் கழிந்தபின் தொடக்கக் கோடு திறக்கப்படும். அதன்பின் எப்போது கடப்பது என்பது விமானியின் விருப்பம். அன்று காலையில் அறிவித்த திருப்பப் புள்ளிகளைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். இதைத்தான் அன்றைய பணி என்பார்கள். ஜி.பி.எஸ். பதிவுக் கருவி எழுதிவைக்கும் ஐ.ஜி.சி. கோப்புதான் சாட்சி. அன்றைய முதல்வருக்கு அதிகபட்சம் 1000 புள்ளிகள். பலர் வழியில் வயலில் இறங்கிவிட்ட நாளில் அந்த உச்சமே குறையும். முடித்தவர்களுக்கு மட்டுமே வேகத்துக்கான புள்ளி உண்டு, இறங்கிவிட்டவர்களுக்குக் கடந்த தூரத்துக்கு மட்டும் கிடைக்கும். திருப்பப் புள்ளிக்குப் பதில் பெரிய வட்டங்களைக் கொடுத்து, குறைந்தபட்ச நேரம் ஒன்றையும் விதித்து, எவ்வளவு உள்ளே போய்த் திரும்புவது என்பதை விமானியிடமே விடும் இன்னொரு வகைப் பணியும் உண்டு. அதில் குறித்த நேரத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இனி கணக்கு. நீங்கள் சொன்ன வகைக் கிளைடர் மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் நேராகப் பறக்கும்போது விநாடிக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் இறங்கும் என்றும், 160 கி.மீ. வேகத்தில் 2 மீட்டர் இறங்கும் என்றும் வைத்துக்கொள்வோம். முழு எண்ணாக்கிய எண்கள்தான், ஆனால் உண்மைக்குத் தொலைவில் இல்லை. 100 கிலோமீட்டரை 130இல் கடக்க 46 நிமிடம் ஆகும். அதற்குள் சுமார் 3300 மீட்டர் இறங்கியிருப்பீர்கள். அந்த உயரத்தை விநாடிக்கு 2 மீட்டர் ஏற்றும் தெர்மல்களில் திரும்பப் பெற 28 நிமிடம் வேண்டும். மொத்தம் 74 நிமிடம். இப்போது அதையே 160இல் பறந்து பாருங்கள். நேர்ப்பாதை 37.5 நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் இழந்த உயரம் 4500 மீட்டர். அதை ஏறி எடுக்க இன்னொரு 37.5 நிமிடம். மொத்தம் 75. மணிக்கு 30 கி.மீ. கூட்டி ஓட்டியும் ஒரு நிமிடம் தாமதமாகத்தான் வந்திருக்கிறீர்கள்; வழியில் 1200 மீட்டரைக் கூடுதலாக ஏறவேண்டியும் வந்தது. மாறாக 130இலேயே பறந்து, ஏற்றத்தின் சராசரியை மட்டும் 2இலிருந்து 2.5 ஆக உயர்த்தினால் மொத்த நேரம் 68 நிமிடமாகக் குறைகிறது. அரை மீட்டர் ஏற்றம் தரும் லாபத்தை 30 கி.மீ. வேகம் தரவில்லை.

ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டையிலிருந்து ஆக்சிலேட்டரை முறுக்கிப் போகிறவரும் நிதானமாகப் போகிறவரும் அடுத்த சிக்னலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் போன்றதுதான் இது. நேரத்தைத் தின்பது சிக்னல். எந்த ஏற்றத்துக்கு எந்த வேகம் சரி என்பதைக் காட்டும் வளையத்தை, ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டரைச் சுற்றிப் பொருத்திய பால் மெக்கிரெடி, 1956இல் பிரான்ஸின் சேன்-யான் ஊரில் நடந்த உலகப் போட்டியில் வென்றவர். 1977இல் மனித சக்தியால் மட்டும் பறந்த காஸமர் கான்டோர் விமானத்தை வடிவமைத்தவரும் அவரே. அவருடைய கோட்பாட்டிலிருந்து வரும் முடிவுகளில் புதியவர்கள் அதிகம் கவனிக்காதது ஒன்று உண்டு. சிறந்த வேகத்திலிருந்து 10 கி.மீ. முன்பின் விலகினால் இழப்பு மிகச் சிறியது. உச்சியில் அந்த வளைகோடு தட்டையாக இருக்கிறது. இது கருத்தல்ல, கணிதம். யாரும் மறுக்க முடியாது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு விடை: இல்லை, அவர்கள் உங்களைவிட வேகமாக ஓட்டுவதால் மட்டும் 20 நிமிடம் முன்னால் போய்விட முடியாது.

அப்படியானால் எங்கே போகிறது? என் கணிப்பில் பெரும்பங்கு, நிற்கக்கூடாத தெர்மல்களில் நிற்பதால் போகிறது. முன்னே இருப்பவர் 2 மீட்டர் சராசரியில் ஏறும்போது நீங்கள் 1.5 மீட்டர் சராசரியில் ஏறினால், அதே 3300 மீட்டருக்கு 28 நிமிடத்துக்குப் பதில் 37 நிமிடம் பிடிக்கும். ஒன்பது நிமிடம் அங்கேயே போயிற்று. இந்த 1.5 எப்படி வருகிறது என்பது கவனிக்க வேண்டியது. நல்ல தெர்மலில் நீங்களும் 2, 2.5 என்று ஏறத்தான் செய்கிறீர்கள். ஆனால் 1700 மீட்டர் உயரத்தில் எந்த அவசரமும் இல்லாதபோது, வேரியோ கொஞ்சம் கூவியது என்பதற்காக 1 மீட்டர் தரும் ஒன்றில் நான்கு சுற்று சுற்றிப் பார்க்கிறீர்கள். மேகத்தடிக்குப் பக்கத்தில் ஏற்றம் 0.8 ஆகத் தேய்ந்த பிறகும், இருக்கும் உயரத்தை விட்டுப் போக மனமில்லாமல் கடைசி 200 மீட்டருக்காகக் காத்திருக்கிறீர்கள். உங்களைப் பார்க்காமலே இப்படிச் சொல்வது துணிச்சல்தான். ஆனால் சில்வரை முடித்த கையோடு போட்டிக்கு வந்தவர்களின் கோப்புகளைத் திறந்து பார்த்தபோதெல்லாம் இவை இரண்டையும் கண்டிருக்கிறேன். காரணம் திறமைக் குறைவு அல்ல, பயம். சில்வருக்கு 5 மணி நேரம் மேலே தங்க வேண்டும். அதற்குக் கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொள்வதுதான் சரி. அந்தப் பழக்கம் கையில் ஏறிப்போகிறது.

இதற்கு மருந்தாக நான் சொல்வது இரண்டு மனநிலைகள். அவற்றுக்கு இடையே ஓர் உயரத்தைக் கோடாகப் போட்டுக்கொள்ளுங்கள். தரையிலிருந்து 1000 மீட்டருக்கு மேலே இருக்கும்வரை, அன்றைய நல்ல ஏற்றத்துக்குக் குறைவான எதற்கும் வட்டமிடக்கூடாது. ஏறும் காற்றில் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, தாண்டியதும் தாழ்த்தி வேகமெடுத்து, நேராகவே போய்க்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே வந்ததும் அடுத்து வரும் நடுத்தரமான ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். 600க்குக் கீழே வந்துவிட்டால் அரை மீட்டர் கிடைத்தாலும் தெய்வம்தான். இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேகத்தடி 3000 மீட்டரில் இருக்கும் நாளில் கோட்டை இன்னும் மேலே போடலாம். ஆனால் காலையில் பணித்தாள் கையில் வந்ததும் அதன் ஓரத்தில் எழுதிவைத்துவிட வேண்டும், மேலே போய் முடிவு செய்யக்கூடாது.

அடுத்த பங்கு, தெர்மலின் நடுவைக் கண்டுபிடிப்பதில் போகும் சுற்றுகள். 45 பாகை சாய்வில், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு சுற்றின் ஆரம் சுமார் 80 மீட்டர், அதற்கு 18 விநாடி போதும். 30 பாகை சாய்வில், 90 கி.மீ. வேகத்தில் ஆரம் 110 மீட்டர், நேரம் 28 விநாடி. தெர்மலின் வலுவான கரு பெரும்பாலும் குறுகலானது. பெரிய வட்டத்தில் சுற்றுகிறவர் ஒரு பாதியில் நன்றாக ஏறி, மறு பாதியில் அதைத் தொலைக்கிறார். ஊசி 3ஐத் தொட்டுத் தொட்டு விழுந்துகொண்டிருக்கும், அரை நிமிடச் சராசரி காட்டும் எண்ணோ 1.6 என்று நிற்கும். ஊசியை நம்பாதீர்கள், அந்த எண்ணை நம்புங்கள். ஒவ்வொரு தெர்மலிலும் மூன்று சுற்று இப்படி வீணானால் ஏறத்தாழ ஒரு நிமிடம் போகிறது. 100 கிலோமீட்டருக்கு நான்கு தெர்மல் என்றால் நான்கு நிமிடம். இரண்டு சுற்றுக்குள் நடு கிடைக்கவில்லை, கையில் உயரமும் இருக்கிறது என்றால், விட்டுவிட்டுப் போய்விடுவதே என் வழக்கம். நுழையும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்பதில் நூறு கருத்துகள் உண்டு. எந்த இறக்கை தூக்கப்படுகிறதோ அந்தப் பக்கம் என்பது பழைய விதி, பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதற்கு மேல் நிச்சயமாகச் சொல்வதாக யாராவது கிளம்பினால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

மூன்றாவது, பாதை. திருப்பப் புள்ளிகளுக்கு இடையிலான நேர்க்கோட்டிலிருந்து விலகி மேகம் தேடி 5 சதவீதம் கூடுதல் தூரம் பறந்தால், 74 நிமிடத்தில் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் போகிறது. விலகவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. காற்றின் திசையில் வரிசையாக நிற்கும் மேகத்தெரு கிடைத்தால், அதனடியில் வட்டமிடாமல் 30 கி.மீ. போக முடியும்போது, 20 பாகை விலகுவதற்கான விலை மிகக் குறைவு. தண்டனை கிடைப்பது, அந்த நேரத்தில் அழகாகத் தெரியும் மேகத்தை நோக்கி விலகும்போதுதான். அடிப்பகுதி தட்டையாகக் கறுத்து, ஓரங்கள் கூர்மையாக இருப்பது இப்போது உயிரோடிருக்கும் மேகம். ஓரங்கள் பஞ்சாய்ப் பிரிய ஆரம்பித்துவிட்டால் நீங்கள் போய்ச் சேரும்போது அங்கே இறங்கும் காற்றுதான் மிச்சம். 10 கி.மீ. தள்ளியிருக்கும் மேகத்தை அடைய ஐந்து நிமிடம் ஆகும். ஆகவே பார்க்க வேண்டியது மேகத்தின் இப்போதைய அழகை அல்ல, ஐந்து நிமிடத்தில் அது என்ன ஆகும் என்பதை. அடுத்த தெர்மலில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு சுற்றிலும் போகும் திசையை ஒரு பார்வை பார்த்து, எது வளர்கிறது, எது தேய்கிறது என்று மனத்தில் குறித்துக்கொள்வதுதான் இதற்கு வழி.

மிச்சம் இருக்கும் இரண்டு மூன்று நிமிடங்கள் கடைசி இறக்கத்தில் போகின்றன. 40 கி.மீ. தொலைவில் இருந்து 30க்கு 1 என்ற விகிதத்தில் (1 மீட்டர் இறங்க 30 மீட்டர் முன்னேறி) வீடு திரும்ப 1330 மீட்டர் வேண்டும். பாதுகாப்புக்கு 250 மீட்டர் சேர்த்தால் ஏறக்குறைய 1600. நீங்கள் 1900 வரை ஏறிவிட்டுக் கிளம்பினால், அந்த 300 மீட்டருக்கு 2 மீட்டர் ஏற்றத்தில் இரண்டரை நிமிடம் செலவழித்திருக்கிறீர்கள். முடிவு வளையத்தைக் கடக்கும்போது அந்த உயரம் பயனில்லாமல் கையிலேயே இருக்கும். ஒன்பதும் நான்கும், நான்குக்குச் சற்றுக் குறைவும், இந்த இரண்டரையும் சேர்த்தால் நீங்கள் கேட்ட 20க்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. ஒவ்வொன்றும் உங்களிடம் இதே அளவில் இருக்கும் என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் முதல் பங்குதான் பெரியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முதல் போட்டியில் கடைசிப் பங்கைத் தொட வேண்டாம் என்றும் சொல்வேன். அந்த 300 மீட்டரை வைத்துக்கொள்ளுங்கள், எதிர்காற்று கணித்ததைவிட அதிகமாக இருந்தால் அது உங்களை வேலிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்க்கும்.

எப்போது தொடங்குவது என்பது நிச்சயத்திலிருந்து கருத்துக்குள் நுழையும் இடம். நிச்சயமாகச் சொல்லக்கூடியது பின்னாலிருந்து எண்ணுவது மட்டும்: பணி 300 கி.மீ., உங்கள் வேகம் மணிக்கு 75 கி.மீ. என்றால் 4 மணி நேரம். தெர்மல்கள் மாலை 5.30க்குத் தளர்ந்துவிடும் என்று வானிலை விளக்கத்தில் சொன்னால், 1.30க்கு மேல் தொடக்கக் கோட்டில் சுற்றிக்கொண்டிருப்பது தற்கொலை. அதற்கு முன் எப்போது என்பதில் வென்றவர்களுக்குள்ளேயே உடன்பாடு கிடையாது. பின்னால் கிளம்பினால் முன்னால் போனவர்கள் தெர்மல்களை அடையாளம் காட்டிக்கொண்டே போவார்கள் என்பதால், எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் வேடிக்கை உலகப் போட்டிகளில்கூட நடப்பதுதான். என் கருத்து, புதியவர் வேகமானவர்களுக்கு 10 நிமிடம் முன்னால் கிளம்புவது நல்லது. அவர்கள் உங்களைத் தாண்டும் வேளையில், அவர்கள் எந்தத் தெர்மலில் நிற்கிறார்கள், எதை ஒதுக்கிவிட்டுப் போகிறார்கள் என்று கண்ணால் பார்க்கக் கிடைக்கும் சில நிமிடங்கள் எந்த வகுப்பறையிலும் கிடைக்காதவை. நாள் முழுதும் அவர்கள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போக முயல்வது வேறு விஷயம். அதில் நீங்கள் எப்போதும் கூட்டத்தின் அடியில், அவர்களைவிட 200 மீட்டர் கீழே இருப்பீர்கள், அவர்கள் கிளம்பும்போது கிளம்பினால் அடுத்த தெர்மலை எட்டாமலே போகக்கூடும்.

வயலில் இறங்குவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். புள்ளிக் கணக்கில் மெதுவாக முடித்தவர், வேகமாக வந்து 20 கி.மீ. முன்னால் இறங்கிவிட்டவரைவிடப் பொதுவாக மேலே இருப்பார்; போட்டி வாரத்தில் எல்லா நாளும் முடித்தவர் பட்டியலின் நடுப்பகுதிக்குச் சத்தமில்லாமல் வந்துவிடுவார். ஆனால் இறங்க வேண்டிய நாள் வரத்தான் செய்யும். 2000 அடியில் இறங்கத் தோதான பகுதிக்கு மேல் இருக்க வேண்டும், 1500இல் வயலைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், 1000இல் வேறு யோசனை இல்லாமல் இறங்கு சுற்றைத் தொடங்கிவிட வேண்டும் என்று உங்கள் பயிற்றுநர் சொல்லியிருப்பார். போட்டியில் அந்த எண்களைத் தளர்த்த எந்த நியாயமும் கிடையாது. டிசம்பரில் அந்தப் பக்கம் கோதுமை அறுவடைக் காலம். அறுத்து முடித்த தாள்வயல்தான் முதல் தேர்வு, நிற்கும் பயிர் வேண்டாம். அங்கே கிராமப்புற மின்சாரம் பல இடங்களில் ஒற்றைக் கம்பியில் போகிறது, கம்பத்துக்குக் கம்பம் இடைவெளியும் மிக அதிகம். மேலேயிருந்து கம்பியைப் பார்க்கவே முடியாது. ஆகவே கம்பியைத் தேடாதீர்கள். பண்ணை வீட்டைப் பார்த்து, அதற்கு மின்சாரம் எந்த வழியாக வருகிறது என்று கம்பங்களைத் தேடுங்கள். குறைந்த உயரத்தில் தெர்மல் கிடைத்துவிடாதா என்று 200 மீட்டரில் வட்டமிட்டுப் பார்ப்பது, வேகம் குறைந்து சுழன்று விழுவதற்கான நேரடி வழி.

அதே தீவிரத்தோடு சொல்ல வேண்டிய இன்னொன்று, கூட்டத்தோடு ஒரே தெர்மலில் சுற்றுவது. முதலில் நுழைந்தவர் எந்தத் திசையில் சுற்றுகிறாரோ அதே திசையில்தான் எல்லோரும் சுற்ற வேண்டும். வட்டத்துக்கு வெளியிலிருந்து தொடுகோடாக, உள்ளே இருப்பவர்கள் உங்களைப் பார்க்கும்படி நுழைய வேண்டும். நடுவை வெட்டிக்கொண்டு பாயக்கூடாது. மேலே கீழே இருப்பவர்களில் ஒருவர் பார்வையிலிருந்து மறைந்துவிட்டால், அவர் எங்கே என்று தெரியும்வரை ஏற்றத்தைப் பற்றி நினைக்கவே கூடாது. ஃபிளார்ம் கருவி எச்சரிக்கும் என்று சாய்ந்துவிட வேண்டாம். அதே கருவி இல்லாத விமானத்தை அது காட்டாது, பருந்தையும் கழுகையும் காட்டாது. வேரியோவின் ஒலியைக் கேட்டே ஏற்றத்தைப் புரிந்துகொள்ளப் பழகுங்கள், கண் வெளியே இருக்கட்டும்.

இரண்டாம் கேள்விக்கு இவ்வளவு சொன்னபின் ஒரு பத்தி போதும். கிளப் வகுப்பில் கிளைடர்களின் திறன் வித்தியாசத்தைச் சமன்செய்ய ஒவ்வொரு வகைக்கும் ஈட்டுக் குறியெண் (ஹேண்டிகேப்) உண்டு. ஸ்டாண்டர்ட் சிர்ரஸிலிருந்து எல்.எஸ்.4க்கு மாறினால் சறுக்கு விகிதம் கூடும், கூடவே குறியெண்ணும் மாறி அந்த லாபத்தின் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்த வகுப்பில் தண்ணீர் நிரப்பி எடை கூட்டவும் அனுமதியில்லை, ஆகவே அந்தத் தலைவலியும் உங்களுக்கு இல்லை. பழகிய கிளைடரையே கேட்டு வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் போட்டிக்கு முந்தைய வாரம் இரட்டை இருக்கைக் கிளைடரில் ஒரு நல்ல போட்டி விமானியோடு இரண்டு நாள் பறந்தால், அது எந்த வாடகை மாற்றத்தையும்விட அதிகம் தரும். டிரெய்லரை இழுத்துக்கொண்டு உங்களைத் தேடி வர ஓர் ஆள் வேண்டும் என்பதையும் இப்போதே அங்குள்ள கிளைடர் மன்றத்தில் பேசி வையுங்கள். வெளியூரிலிருந்து தனியாகப் போகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

சென்னையில் என்ன செய்யலாம் என்ற கேள்விதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் செய்ய நிறைய இருக்கிறது. மீனம்பாக்கத்திலிருந்து வானிலை ஆய்வுத் துறை அனுப்பும் பலூன், மேல்காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கிறது, காலை 5.30, மாலை 5.30 நேரத்துக்கான அந்த அளவுகள் 43279 என்ற நிலைய எண்ணோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. காலை வரைபடத்தை எடுத்து, அன்றைக்கு எதிர்பார்க்கும் உச்ச வெப்பத்திலிருந்து 1000 மீட்டருக்கு 9.8 பாகை குறையும் கோடு ஒன்றை மேல்நோக்கி இழுங்கள். அது காற்றின் வெப்பக்கோட்டை வெட்டும் இடம்தான் தெர்மல் ஏறக்கூடிய உயரம். மேகத்தடிக்கு இன்னும் எளிய வழி: தரை வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் மீட்டரில் விடை வரும். சென்னையில் வெப்பம் 34, பனிநிலை 26 என்றால் 1000 மீட்டர்தான். நீங்கள் போகப்போகும் உள்நாட்டுச் சமவெளியில் 36, 8 என்றால் 3500 மீட்டர். இந்த ஒரு கணக்கே, இங்கே வானம் ஏன் தாழ்வாகத் தெரிகிறது, அங்கே ஏன் 300 கி.மீ. பணியைக் கிளப் வகுப்புக்குத் தயங்காமல் கொடுக்கிறார்கள் என்பதை விளக்கிவிடும்.

கணித்ததைச் சரிபார்க்கப் பெருங்குடிக் குப்பைமேட்டுப் பக்கம் போங்கள். நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு பள்ளிக்கரணைச் சாலை ஓரமாக நின்றால், காலை வெயில் ஏறும் நேரத்தில் கரும்பருந்துகள் இறக்கை அடிப்பதை நிறுத்தி வட்டமிட ஆரம்பிக்கும் நிமிடத்தைப் பார்க்கலாம். அது அன்றைய முதல் தெர்மல். உங்கள் வரைபடம் சொன்ன நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும்போது இன்னொரு பாடம் கிடைக்கும். கடற்கரைக்கு அருகிலிருக்கும் நுங்கம்பாக்கத்தில் வெப்பம் முதலில் நிற்கும், பிறகு மீனம்பாக்கத்தில். அந்தக் குளிர்ந்த காற்றின் முன்விளிம்பில் சூடான காற்று தூக்கப்படுகிறது, விளிம்பைத் தாண்டிக் கடல் பக்கம் போனால் காற்று செத்துக் கிடக்கும். கடலோர மன்றங்களில் பறக்கிறவர்கள் இந்த விளிம்பை ஒட்டியே வெகுதூரம் போவார்கள். உங்கள் போட்டி உள்நாட்டில் நடப்பதால் நேரடியாக உதவாமல் போகலாம். ஆனால் காற்றின் எல்லைகளைக் கண்ணால் தேடும் பழக்கம் எங்கேயும் வீணாகாது.

கணினியில் கான்டோர் சிமுலேட்டர் நல்ல கருவி. தொடக்கக் கோடு, திருப்பப் புள்ளி, கடைசி இறக்கக் கணக்கு, கிளைடரில் இருக்கும் கணினித் திரையின் பக்கங்களைப் புரட்டுவது போன்ற, கையும் மனமும் யோசிக்காமல் செய்ய வேண்டியவற்றை அது சொல்லிக்கொடுத்துவிடும், கிளைடரில் வழிகாட்டும் எக்ஸ்.சி.சோர் செயலியை அதோடு இணைத்துப் பழகினால் டிசம்பரில் மேலே போய்ப் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க மாட்டீர்கள். இருக்கையில் உடம்பு உணரும் உந்தலை அது தராது, 400 மீட்டரில் வரும் வியர்வையையும் தராது. அதில் துணிவாக முடிவெடுப்பதால் வானத்திலும் அப்படியே எடுப்பீர்கள் என்று நினைக்க வேண்டாம். உடம்பைப் பற்றி ஒரே வரி: நான்கு மணி நேரம் 35 பாகையில் உட்காரப் போகிறீர்கள், தண்ணீர் குடிக்கவும் அதை வெளியேற்றவும் ஏற்பாட்டைத் தரையிலேயே ஒத்திகை பாருங்கள். முன்விளிம்பு நீண்ட தொப்பி மேலே பார்ப்பதை மறைக்கும், விளிம்பில்லாத துணித்தொப்பி போதும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கற்பிக்கப் போவது உங்கள் கோப்புகள்தான். உங்களோடு அதே நாளில் பறந்து முன்னால் போனவரின் ஐ.ஜி.சி. கோப்பைக் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இரண்டையும் சீயூ போன்ற மென்பொருளில் ஒன்றாக ஏற்றி, ஒவ்வொரு தெர்மலுக்கும் நான்கு எண்களை எழுதுங்கள்: எந்த உயரத்தில் வட்டமிடத் தொடங்கினார், எந்த உயரத்தில் விட்டார், தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்குமான சராசரி ஏற்றம், கடைசி ஒரு நிமிடத்தின் ஏற்றம். 1000 மீட்டருக்கு மேலே நீங்கள் நின்று அவர் நிற்காத தெர்மல்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். உங்கள் மொத்தச் சராசரி அவருடையதைவிட அரை மீட்டர் குறைந்திருந்தால் நான் மேலே போட்ட கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தும், கோட்டு உயரத்தைப் பயில்வதே முதல் வேலை. சராசரிகள் ஒன்றாக இருந்தும் 20 நிமிடம் போகிறது என்றால் என் கணிப்பு உங்கள் விஷயத்தில் தவறு. அப்போது நேர்ப்பாதைப் பகுதிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் கடந்த தூரத்தை இழந்த உயரத்தால் வகுத்துப் பாருங்கள். அவருக்கு 45 வந்து உங்களுக்கு 30 வந்தால், அவர் ஏறும் காற்றின் கோட்டில் பறந்திருக்கிறார், நீங்கள் வரைபடத்தின் கோட்டில் பறந்திருக்கிறீர்கள். டிசம்பர் வரையிலான நேரத்தை மேகங்களைப் படிப்பதில் போடுங்கள்.